மச்சினனைப் புகழும் அளவு

கிரேன்காரனின் வலக்கை, அடிக்கடி ரத்தம் எடுக்க வசதியாக, சூடான பெட்டிக்குள் கிடந்தது. இடக்கையில் இரண்டு குழாய்கள், ஒன்றில் இன்சுலின், இன்னொன்றில் குளுக்கோஸ். மூக்கு அரித்தது. சொறிவதற்கு மூன்றாவது கை எதையும் ஆராய்ச்சிக்காரர்கள் ஏற்பாடு செய்யவில்லை.

இருபது வருடமாகச் சர்க்கரைக்கு ஊசி போடுகிறவன். முன்பெல்லாம் சர்க்கரை இறங்கினால் உடம்பு ஊரைக் கூட்டும். கை நடுங்கும், நெஞ்சு தடதடக்கும், சட்டையைப் பிழியலாம். இன்சுலினை மாற்றியபின் சத்தமே இல்லை. போன மாதம் பத்து மாடி உயரத்தில், இரும்புத் தூண் அந்தரத்தில் தொங்க, லீவரைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தான். கீழே கத்தியது காதில் ஏறவில்லை. "சர்க்கரை இறங்குறது உனக்கே தெரிஞ்சாத்தான் இனி மேல ஏத்துவோம்" என்றுவிட்டது கம்பெனி.

எல்லாம் புது மருந்து செய்த வேலை என்று அவன் சாதித்தான். மருத்துவமனையில் அதையேதான் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள், இரண்டு இன்சுலின். வேண்டுமென்றே சர்க்கரையை இறக்கிப் பார்ப்பது. எந்த நாள் எந்த மருந்து என்று நர்ஸுக்கே தெரியாது. போன வாரம் முதல் நாள். நடுங்குதா, வியர்க்குதா என்று கேட்ட எல்லாக் கேள்விக்கும் அவன் பதில் பூஜ்யம். அது புதுசாகத்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். அப்படியானால் இன்று பழசு. இன்று நடுங்கியே தீரவேண்டும்.

"நடுக்கம்? பூஜ்யத்துலேர்ந்து ஆறுக்குள்ள சொல்லுங்க" என்றாள் நர்ஸ்.

"நாலு." போதாதோ என்று பயந்து, "நாலரை" என்றான்.

"வியர்வை?"

"அஞ்சு." காலையும் ஆட்டிக் காட்டினான். கட்டில் கிறீச்சிட்டது.

டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "இன்னும் இறக்கவே ஆரம்பிக்கலையே. இப்ப உங்க சுகர் தொண்ணூத்தஞ்சு."

கால் தானாக நின்றது.

மூலை நாற்காலியில் துணைக்கு வந்திருந்த மச்சினன், மனைவியின் தம்பி, சிரிப்பை விழுங்கினான். "இலை போடறதுக்குள்ளயே ஏப்பம் விட்டுட்டீங்களே மாமா."

"வாயை மூடுறா தண்டச்சோறு." கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு இதுதான் பெயர்.

பிறகு நிஜமாகவே இறக்கினார்கள். கால் மணிக்கு ஒருமுறை கேள்வி. நடுக்கம் பூஜ்யம், பசி பூஜ்யம். தலையணையை இப்படித் திருப்பச் சொன்னான், அப்படித் திருப்பச் சொன்னான். பயத்தில் நெஞ்சு அடித்தது, அதைச் சொல்லலாம்தான். ஆனால் புலி வருகிறது என்று ஒருமுறை கத்தியாயிற்று.

ஐந்தாவது கேள்விக்குப் பிறகு, அது திடீரென்று மிக நல்ல அறையாகத் தோன்றியது.

"தம்பி" என்றான் மச்சினனைப் பார்த்து. "நீ தங்கமான பையன். இதை நான் என் கல்யாணத்தன்னிக்கே சொல்லியிருக்கணும்."

மச்சினன் முகம் வெளுத்துத் துள்ளி எழுந்தான். "டாக்டர்! சுகர் குடுங்க! மாமா என்னைப் புகழறாரு!"

"பாசமா பேசறது தப்பா?" என்றாள் நர்ஸ்.

"இவரா? போன தடவை என்னைச் சிங்கம்னாரு. குத்திப் பாத்தா நாப்பத்தெட்டு. வீட்ல அக்கா இதை வச்சுத்தான் கண்டுபிடிக்கறா!"

டாக்டரம்மா அளவைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு. "நடுக்கம்?"

"பூஜ்யம்" என்றான் கிரேன்காரன் மலர்ந்த முகத்தோடு. "தம்பிக்கு ஒரு நல்ல வேலை பாத்துக் குடுங்க."

குளுக்கோஸை முழுக்கத் திறந்தார்கள்.

அவனுக்குக் கோபம் திரும்பியதும் டாக்டரம்மா சொன்னார். "மருந்து மேல பழி போடாதீங்க. ரெண்டு நாளும் ஒரே கதைதான். அடிக்கடி இறங்கி உடம்புக்குப் பழகிப்போச்சு, எச்சரிக்கை மணியடிக்கறதை விட்டுடுச்சு. மூணு மாசம் இறங்கவே விடாம பாத்துக்கிட்டா, திரும்ப அடிக்கலாம்."

"அடிக்கலாமா, அடிக்குமா?"

"அடிக்கலாம்."

"அதுவரைக்கும் நான்?"

"தரையில." படிவத்தின் அடியில் கையால் ஒரு வரி சேர்த்தார்: 'மச்சினனைப் புகழ்தல் – ஆறு.'

வெளியே தெருவில் மச்சினன் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தான். "மூணு மாசமும் மணிக்கொருதரம் போன் பண்றேன் மாமா. எடுத்ததும் திட்டுங்க. திட்டற வரைக்கும் கவலையில்ல."

கிரேன்காரனின் நெஞ்சில் ஏதோ இளகியது. பயல் நல்லவன்தானோ?

தோன்றிய கணமே பகீரென்றது. "டேய், மெஷினை எடு!"

நடைபாதை ஓரத்தில் நின்று விரலைக் குத்தினார்கள். நூற்றுப் பதினெட்டு.

நம்பாமல் இன்னொரு விரலை நீட்டினான்.