கேப்ரியலுக்கு எத்தனை மணி

"அறுபத்திரெண்டுதான்!"

"வாய மூடு கிரகோரி, அப்பாவுக்கு எப்படிடா அறுபத்திரெ…"

"நீ மூடுக்கா! ஜப்பான்காரன் கார்டுல போட்டிருக்கு லா!"

வாசலில் அமலநாதன் நின்றிருந்தார். மலாயாவில், சிகாமட் கோயிலில் மணியடிப்பவர். இறந்தவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி. அதைக் கேட்டுப்போக வந்தவர். கூடத்தில், பழைய கதவை அறுத்துச் செய்த பெட்டியில், மூன்று நாள் காய்ச்சலோடு போராடி முடித்த கேப்ரியல், சண்டை தன்னைப் பற்றியதே இல்லை என்பதுபோலப் படுத்திருந்தார்.

"சீக்கிரம் சொல்லுங்கப்பா, மழ வருது," என்றார் அமலநாதன்.

அக்கா கெர்ட்ரூட், சுவரிலிருந்த அந்தோணியார் படத்தின் பின்பலகையைக் கழற்றினாள். அப்பா காகிதங்களை அங்கேதான் செருகுவார். முதலில் வந்தது 1916ஆம் வருடக் கல்யாணச் சீட்டு. மாப்பிள்ளைக்கு இருபத்தேழு, பெண்ணுக்கு இருபது.

"அப்ப இந்த நாப்பத்திநாலுல அம்பத்தஞ்சு!" என்றாள்.

அதன் முதுகில் இன்னொன்று ஒட்டியிருந்தது. ஊரில் கொடுத்த ஞானஸ்நானச் சீட்டு. கப்பலில் தொலைந்துவிட்டதென்று அப்பா சத்தியம் செய்த அதே சீட்டு. பிறந்த வருடம் 1894. கெர்ட்ரூட் விரல்விட்டு எண்ணினாள். ஐம்பது. கல்யாணத்தன்று வெறும் இருபத்திரண்டு.

"அலமாக்! அஞ்சு வயசக் கூட்டிச் சொல்லியில்ல அம்மாவக் கட்டியிருக்காரு!" என்றான் கிரகோரி.

"சின்னப் பயலுக்குப் பொண்ணு தரமாட்டேன்னாரு எங்கப்பா," என்றாள் அம்மா லூசி பெட்டியருகிலிருந்து.

"அம்பதே அடிங்க மாமா," என்றாள் கெர்ட்ரூட். "சாமிகிட்ட போறப்பவாச்சும் நெச வயசோட போகட்டும்."

"வெளையாடுறியா? ஜப்பான்காரனுக்கு ஆள் புடிச்சுக் குடுக்குற கணக்குக் கிராணி வீடு கோயிலுக்கு எதிர்லதான் இருக்கு. ஒன்னொன்னா எண்ணுவான். அப்பா கார்டு பொய்னா அடுத்து என் கார்டக் கேப்பான்."

கிரகோரிக்குப் பத்தொன்பது. கார்டில் பதினைந்து. போன வருடம் இருவரும் ஒன்றாகத்தான் போய்ப் பதிந்தார்கள். அப்பா தலையில் அடுப்புச் சாம்பலைத் தேய்த்துக் குச்சி ஊன்றினார். மகன் மீசையை மழித்து அரைக்கால் சட்டை மாட்டினான். கிழவரையும் சிறுவரையும் விட்டுவிட்டு, சயாமுக்கு ரயில்பாதை போட ஜப்பான்காரன் பிடித்துப்போன கூட்டத்தில் சேராமல் தப்பியது அப்படித்தான்.

"கார்டு கெடைச்ச சந்தோசத்துல குச்சிய அங்கயே போட்டுட்டு ஓடியாந்தாரே மனுசன்!" என்றார் அமலநாதன்.

கிரகோரிதான் முதலில் சிரித்தான். பிறகு கெர்ட்ரூட்டுக்கும் அடக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"அறுபத்திரெண்டும் அடிங்க தம்பி. அந்தப் பன்னெண்டு வயசாலதான் அவரு எம்மடியில கண்ண மூடினாரு. எம்புள்ளயும் இங்க நிக்கிறான். ஒன்னுகூடக் கொறைக்காதீங்க."

மணி கேட்கத் தொடங்கியது. கெர்ட்ரூட் எண்ணினாள். ஐம்பது போய், ஐம்பத்தொன்று விழுந்ததும் கிரகோரி மெல்ல மூச்சுவிட்டான்.

லூசி பெட்டியின் மேல் குனிந்தாள். கேப்ரியலின் சாம்பலில்லாத கறுப்பு முடியைக் கோதிவிட்டாள். கல்யாணச் சீட்டை நான்காக மடித்து அவர் சட்டைப்பையில் செருகினாள்.

"நானும் அன்னைக்கு நாலு வயசக் கொறைச்சுத்தாங்க சொன்னேன்," என்றாள் காதோரம். "உங்களுக்கு ரெண்டு வயசு மூத்தவ நான். கோவமா?"