நல்ல வார்த்தை மட்டும்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் குழந்தைகள் இல்லத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜன்னல் பக்கம் பாயில் பிள்ளைகள் வட்டமாக. வட்டத்துக்குள் பூர்ணிமா, பன்னிரண்டு வயது. அவள் முதுகுக்குப் பின்னால், அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு தங்கச்சி சண்முகப்ரியா. மற்ற வாரங்களில் சின்னவள் முன்னால்தான் உட்காருவாள். சுவரோரம் ஸ்டூலில் கோதண்டபாணி சார். வாராவாரம் வந்து பிள்ளைகளுக்கு நாலு பேரிடம் பேசிப் பழகக் கற்றுத்தருகிறவர். சமையற்கட்டு வாசலில் மடியில் முறத்தோடு சமையல்கார தனக்கோடி அக்கா, பக்கத்தில் வார்டனாகிய நான். வெளிக்கதவை ஒட்டி, எங்களிடம் இருக்கிற ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில், பூர்ணிமாவின் சித்தப்பா தங்கதுரை. நாற்காலியை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார். வெளியே போகிறவர்கள் அவர் காலைத் தாண்டித்தான் போகவேண்டும்.

தங்கதுரைக்கு வேப்பூர் ரோட்டோரம் ஓட்டல். பிள்ளைகளின் அம்மா இறந்த பிறகு இரண்டு பேரும் கொஞ்ச காலம் அவரிடம்தான் இருந்தார்கள். பிறகு, "ரெண்டு பொட்டப்புள்ளைய வெச்சுக் காப்பாத்த முடியலைங்க" என்று அவரே கொண்டுவந்து விட்டார். இப்போது பெரியவளை மட்டும் திரும்பக் கேட்கிறார். "வளந்துட்டா இல்லைங்க, இனிமே எங்க வூட்லயே இருக்கட்டும்" என்கிறார். செவ்வாய்க்கிழமை கடலூரில் குழந்தைகள் நலக்குழு உட்காருகிறது. மற்றதெல்லாம் பார்த்தாகிவிட்டது. பாக்கி பிள்ளையின் விருப்பம் ஒன்றுதான். அதை எழுதி அனுப்பவேண்டியது இல்லத்தின் பொறுப்பு. இல்லத்துக் கடிதங்களை எழுதுவது நான்.

ஒரு பிள்ளை வீட்டுக்குப் போகும் முன் எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைகள் அதை 'வூட்டு விளையாட்டு' என்பார்கள். பின்தெரு பீங்கான் கம்பெனியில் சூளையில் விரிசல் விட்ட பொம்மைகளை ஒரு கூடை கொடுத்திருக்கிறார்கள். அவற்றை வீட்டு ஆட்களாக வைத்து, போகப்போகிற பிள்ளை பேசிக்காட்ட வேண்டும். வாராவாரம் உட்காருகிற வட்டத்துக்கும் இந்த விளையாட்டுக்கும் சார் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: நல்ல வார்த்தை மட்டும். அழுகையாகப் பேசினால் வட்டத்துக்கு வெளியே போய் உட்கார்ந்து, அதையே நல்ல வார்த்தையாக மாற்றிக்கொண்டு வரவேண்டும். கெட்டதையே நினைத்துக் கிடக்கிற பிள்ளைகளுக்கு நாளை மேல் ஒரு நம்பிக்கை வரட்டும் என்றுதான் வைத்தார். வந்த புதிதில் மூலையில் ஒடுங்கிக் கிடந்த பூர்ணிமா இப்போது விருந்தாளி யார் வந்தாலும் முன்னால் போய் வரவேற்பாள். எங்களுக்கெல்லாம் அதில் பெருமை.

"வணக்கம் சித்தப்பா. வாங்க. நல்லா இருக்கீங்களா?"

"அடேங்கப்பா, கலெக்டரம்மா மாதிரி பேசுது!" தங்கதுரை சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு ஜோடி செருப்பை எடுத்தார். நீல வார், மேலே வெள்ளைப் பூ. புதுசில்லை, கழுவித் துடைத்தது. "போடு. இப்ப ஒனக்கு சரியா இருக்கும்."

பூர்ணிமா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காலை நுழைத்தாள்.

"நன்றி சித்தப்பா. ரொம்ப நல்லா இருக்குது."

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

விளையாட்டு தொடங்கியது. மீசை வைத்த பொம்மை சித்தப்பா. காது உடைந்தது சித்தி. சின்னது பூர்ணிமாவேதான். இன்னொன்றைக் குப்புறப் படுக்கவைத்து, அதன்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தாள்.

"அது யாரும்மா?" என்றார் சார்.

"கொளஞ்சி அக்கா சார். தூங்குது."

"பகல்லயா?"

"மாத்திரை குடுத்தா தூங்கும் சார்."

"ம்ஹூம். நல்லா மாத்திச் சொல்லு பாப்போம்."

"நல்லாத் தூங்குது சார்."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். தங்கதுரை அவர்களுக்குப் பிறகு சிரித்தார். "நம்ம கடையில வேலை செஞ்ச பொண்ணுங்க. ஊருக்குப் போயி எவ்ளோ நாளாச்சு. இது இன்னும் அதையே நெனச்சிக்கிட்டு இருக்குது."

தனக்கோடி அக்காவின் முறம் நின்றுவிட்டது.

"சித்தப்பா வூட்டுக்குப் போக இஷ்டமா பூர்ணிமா?"

"சந்தோஷமாப் போறேன் சார்."

"எழுதிக்குங்க வார்டன் அம்மா" என்று எழுந்தார் தங்கதுரை. "நான் இங்கதான் லாட்ஜுல தங்கியிருக்கேன். கூடவே இருந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

விளக்கு வைக்கிற நேரத்தில் தனக்கோடி அக்கா என் முழங்கையைத் தொட்டாள். "பொறத்தால போயிப் பாருங்க. அந்தப் புள்ள காலத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவிக்கிட்டே இருக்குது. தண்ணித் தொட்டியே காலி."

பூர்ணிமாவின் குதிகால் சிவந்திருந்தது. செருப்பு சுவர்மேல் எட்டக் கிடந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இங்க நல்ல வார்த்தை வேணாம். வாயில வர்றத சொல்லு."

"வெளிய உக்கார வெப்பீங்களா?"

"மாட்டேன்."

"அது கொளஞ்சி அக்காவோட செருப்பு." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அக்கா அழுதுச்சின்னா கடைக்குப் பின்னால ரூம்புல போட்டுப் பூட்டுவாங்க. மாத்திரை குடுப்பாங்க. ஒருநா காலையில ரூம்பு தொறந்து கெடந்துச்சி. அக்கா இல்ல. ஊருக்குப் போயிட்டான்னாங்க. செருப்பு அங்கயே இருந்துச்சி. செருப்பு இல்லாம எப்பிடிம்மா போவும்? ரோடு கொதிக்கும்."

"இத்தன நாளா ஏன் சொல்லல கண்ணு?"

"சொன்னேனே. வந்த புதுசுல, வட்டத்துல. சார் வெளிய உக்கார வெச்சாரு. அப்புறம் மாத்திச் சொல்லிட்டேன்."

குழந்தைகள் ஹெல்ப்லைனுக்கும் போலீசுக்கும் அப்போதே போன் செய்தேன். காலையில் வந்து விசாரிக்கிறோம் என்றது போலீஸ். குழு உட்காரும் முன்னால் எழுத்தில் அவர்கள் கைக்குப் போய்ச் சேரட்டும் என்றார்கள் ஹெல்ப்லைனில். கடைசியாகக் கோதண்டபாணி சாரைக் கூப்பிட்டேன். கேட்டுவிட்டு, "காலையில வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை விடிந்ததும் வந்து நின்றார். ஸ்டூலில் உட்காரவில்லை. பாயில், பூர்ணிமாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அன்னிக்கு என்னன்னு மாத்திச் சொன்ன?"

"கொளஞ்சி அக்கா ஊருக்குப் போயிருக்காங்க, சீக்கிரம் வந்துருவாங்கன்னு."

சார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மீசைப் பொம்மையைக் கையில் எடுத்தார். "தப்பு ஒம்மேல இல்ல. இன்னிக்கு வேற பழகலாம். நான்தான் சித்தப்பா. வா, போலாம்."

"நான் வர்ல சித்தப்பா. நன்றி."

"நன்றி வேணாம்மா."

"வர்ல."

"கேக்கல."

"வர மாட்டோம்!" என்று கத்தினாள் சண்முகப்ரியா. அக்காவின் முதுகை விட்டு முன்னால் வந்திருந்தாள். "காது செவுடா சார் ஒங்களுக்கு?"

அவர்கள் பழகிக்கொண்டிருக்க, நான் மேஜையில் உட்கார்ந்து கடிதத்தை எழுதினேன். பிள்ளை சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதினேன். செருப்பைப் பேப்பரில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பதை எழுதினேன். சித்தப்பா இல்லாத அறையில் வைத்து அவளைக் கேளுங்கள், அவள் சிரித்தமுகமாக 'சந்தோஷமாப் போறேன்' என்றால் அதை விருப்பமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்தப் பதிலைச் சொல்லிக்கொடுத்தது நாங்கள்தான் என்று எழுதினேன். கொளஞ்சி என்கிற பெண் எங்கே என்று தேடும்படி கடைசியில் கேட்டுக்கொண்டேன். என் கையெழுத்துக்குக் கீழே சாரும் கையெழுத்துப் போட்டார். உறையில் போட்டுப் பசை தடவி ஒட்டினேன். ஒட்டின இடத்தின் மேல் இல்லத்து முத்திரையைக் குத்தினேன்.

தனக்கோடி அக்கா அதைச் சோற்றுப் பைக்குள், தயிர்சாத டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். போலீஸ் இன்னும் வரவில்லை. கேட்டுக்கு வெளியே பைக்கை நிறுத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றார் தங்கதுரை.

"எங்கக்கா, காலங்காத்தால?"

"கடலூருக்கு."

"அட, நானும் அங்கதான். லெட்டருதானே? குடுங்க, நானே சேத்துடறேன். ஒங்களுக்கு எதுக்கு அலைச்சல்?"

"எனக்கு பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்து போவ ஆசை தம்பி. வருஷத்துக்கு ஒருவாட்டிதான் கெடைக்குது. அதையும் கெடுக்காதீங்க."

அவர் சிரிக்கவில்லை. அவளைத் தாண்டி ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் பூர்ணிமா வெறுங்காலோடு நின்றிருந்தாள்.

"செருப்பு எங்க பாப்பா?"

பூர்ணிமா அவருக்கு வணக்கம் சொல்லவில்லை. வாங்க என்று சொல்லவில்லை. கம்பியைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருமுனையில் பஸ் வந்து நின்றது. தனக்கோடி அக்கா நடையை எட்டிப்போட்டாள். கோதண்டபாணி சார் தன் வண்டியை அப்படியே போட்டுவிட்டு அவள் பின்னால் ஓடிப்போய் ஏறினார். கடிதம் புறப்பட்டுவிட்டது. நான் கேட்டை இழுத்து உள்பக்கம் பூட்டினேன்.

தங்கதுரை பைக்கை உதைத்துக் கிளப்பினார். அவசரமே இல்லாமல் பஸ் போன பக்கமாகத் திருப்பினார்.