தீ வராது என்றவன்

அக்கா மகள் போன் செய்தபோது நான் ஒரு மரக்கட்டை மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். காட்டில் தீப்பிடித்து அன்றைக்கு ஐந்தாவது நாள். தீயணைப்புக் குழுவில் இருபத்தொரு வருடமாக இருக்கிறேன், அதில் ஒன்பது வருடம் குழுத் தலைவன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. எல்லாம் தெரிந்தவன் எவ்வளவு பெரிய முட்டாளாக இருக்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

"மாமா, அம்மாவ எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு கார் எடுத்துட்டு வந்திருக்கேன். வர மாட்டேங்கறாங்க. நீங்க சொன்னாத்தான் கிளம்புவாங்களாம்."

அக்காவின் நெஞ்சைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். முப்பது வருடம் பஞ்சாலையில் வேலை பார்த்தவள். வேலையை விட்ட பிறகும் அந்தப் பஞ்சுத் தூசி அவளை விடவில்லை. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று, முந்தானையால் கைப்பிடியைத் துடைப்பது போல நடிப்பாள். மூச்சு வாங்குவது யாருக்கும் தெரியக்கூடாதாம். அம்மா போனபோது எனக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினெட்டு. அன்றிலிருந்து எனக்குத் தாய் அவள்தான். இப்போதும் ஒரே வீடு. அவள் கீழே, நான் மாடியில்.

"போனை அவகிட்ட குடு" என்றேன்.

"என்னடா, சாப்பிட்டியா?"

"தின்னுட்டுத்தான் இருக்கேன். அவளை எதுக்கு வாசல்ல நிக்க வச்சிருக்க?"

"அவ சரியான பயந்தாங்கொள்ளி. நீ சொல்லு. தீ நம்ம பக்கம் வருமா, வராதா?"

எங்கள் தொழிலில் ஒரே ஒரு கேள்விதான். தீ எங்கே நிற்கிறது? ஜீப்பின் முன்மூடி மேல் வரைபடத்தை விரித்துத் தீக்குச் சிவப்புப் பென்சில், நாங்கள் வெட்டிய தடுப்புக் கோட்டுக்கு நீலப் பென்சில் என்று வரைவோம். புகைக்குப் பென்சிலே கிடையாது. புகையை நாங்கள் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. சளி கறுப்பாக வராதவன் வேலை செய்யவில்லை என்று அர்த்தம் என்போம். முகமூடி போட்டுக்கொண்டு வரும் புது ஆளை, "வாங்க டாக்டர், ஆபரேஷன் எத்தனை மணிக்கு?" என்று கேட்டே கழற்ற வைத்துவிடுவோம். அந்தக் கேலியைத் தொடங்கி வைத்தவனே நான்தான்.

"ஆத்தைத் தாண்டி ஒரு பொறி வராதுக்கா. நான் இருக்கேன்ல? நீ பாட்டுக்கு வீட்டுல இரு."

"அப்பச் சரி" என்றாள். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "விடியக்காலையில கொஞ்சம் மூச்சு அடைச்சுதுடா" என்றாள்.

"ஜன்னலைச் சாத்திட்டு ஈரத்துணி போட்டு வை. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

அக்கா மகள் போனை வாங்கினாள். "நிச்சயமாத்தான் சொல்றீங்களா மாமா?"

"தீயைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தனியாகவே காரை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் காற்று திரும்பியது. அதுவரை மலைப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த தீ, ஆற்றைப் பார்த்து இறங்கத் தொடங்கியது. ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான் இருந்தது. இந்தக் காற்றில் பொறி பறந்தால் அடுத்த கரையில் ஊர். மிச்சமிருந்தது ஒரே வழி, எதிர்த்தீ. ஓடி வரும் தீக்கு முன்னால் நாமே ஒரு தீயை வைத்து, வருவதற்குத் தின்ன ஒன்றுமில்லாமல் செய்வது.

எனக்கு அடுத்த பொறுப்பில் இருந்தவனை நெட்டை என்று கூப்பிடுவோம். அதிகம் பேசாத ஆள். அன்றைக்குப் பேசினான்.

"அண்ணே, இங்க வச்சா புகை முழுக்க ஊருக்குள்ள போய் உக்காந்துக்கும். பள்ளத்துல இருக்கற ஊரு. வெளிய போக வழியில்ல."

"புகை கண்ணை எரிக்கும், தீ வீட்டை எரிக்கும். உனக்கு எது வேணும்?"

அவனிடமிருந்து எண்ணெய் டப்பாவை நானே வாங்கி, கரையோரமாக நடந்துகொண்டே சருகில் சொட்டவிட்டுக் கொளுத்தினேன்.

எதிர்த்தீ வைத்ததில் தப்பில்லை. இன்றைக்குக் கேட்டாலும் வைப்பேன். ஆனால் வைப்பதற்கு முன் முழுதாக ஒரு மணி நேரம் இருந்தது. சாலை திறந்திருந்தது. போன் என் சட்டைப் பையில் இருந்தது. "அக்கா, கிளம்பு" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். தோன்றவே இல்லை. நெட்டை வாய்விட்டு ஊர் என்று சொன்ன பிறகும், அந்த ஊரில் என் அக்கா மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டு தீயும் நடுக்காட்டில் மோதி, தின்ன எதுவுமில்லாமல் அடங்கின. நாங்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டோம். ஒரு வீட்டின் ஓடுகூடக் கறுக்கவில்லை.

புகை ஊருக்குள் இறங்கியது. காற்றும் நின்றுபோனதால் அது அங்கேயே தங்கிவிட்டது. முன்னால் போகும் வண்டி தெரியாமல் இரண்டு லாரிகள் மோதியதும் சாலையை அடைத்துவிட்டார்கள். நாங்கள் காட்டில் புகைந்துகொண்டிருந்த அடிமரங்களைக் கிளறித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். அடுத்த நாள் மதியம் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"எப்படி இருக்க?"

"நல்லா... இருக்கேன். தீ... நின்னுடுச்சாமே."

"நின்னுடுச்சு. நான்தான் சொன்னேன்ல?"

"சொன்ன... சொன்ன."

என்னைச் சுற்றி இருந்த குழு ஆட்கள் பதினாறு பேரும் புகையில் அப்படித்தான் விட்டு விட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் குரல் எனக்கு வித்தியாசமாகப் படவில்லை.

அதற்கும் மறுநாள் எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன் கூப்பிட்டார். அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார். நட்டநடுப் பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஜீப்பில் போனேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரம் முழுக்க ஆட்கள். பெஞ்சு போதாமல் தரையில் உட்கார்ந்து, ஈரக் கைக்குட்டையை மூக்கில் பொத்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார்கள். ஒரு டாக்டரம்மா என் மஞ்சள் தீயணைப்புச் சட்டையைப் பார்த்துவிட்டு, யாருக்காக வந்திருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். என்னை ஒரு திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"அரை மணி நேரம் ஆச்சு சார்" என்றார். "இந்த மூணு நாள்ல ஒரு தீக்காயம்கூட வரல. வர்றதெல்லாம் மூச்சுதான்."

அக்காவின் மூக்கு ஓரத்தில் கரி படிந்திருந்தது. சட்டை முனையால் துடைத்தேன். என் சட்டையில் அதைவிட அதிகக் கரி. துடைக்கத் துடைக்க அவள் முகம் அழுக்கானது. ஒரு நர்ஸ் வந்து என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அங்கேயே நின்று, சின்னப் பிள்ளை போல வாய்விட்டு அழுதேன்.

நெருப்பில்லாமல் புகையாது என்று சொல்லிவைத்த பெரியவர்கள், நெருப்பே வராத வீட்டுக்குள் புகை வந்து ஆளைக் கொண்டுபோகும் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

எலெக்ட்ரீஷியன் வெளியே சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். ஏதோ குற்றம் செய்தவரைப் போல என்னிடம் பேசினார்.

"நேத்தே கூப்பிட்டேங்க. வர மாட்டேன்னுட்டாங்க. 'ரெண்டு நாள்ல சரியாயிடும்னு என் தம்பி சொல்லியிருக்கான், அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்'னாங்க. நானும் விட்டுட்டேன்."

நான்கு மணி சுமாருக்கு அக்கா மகள் வந்து சேர்ந்தாள். சாலைத் தடுப்புக்கு அந்தப் பக்கமே காரை விட்டுவிட்டு, முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு எட்டு கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறாள். உள்ளே போனாள். வெகு நேரம் கழித்து வெளியே வந்து, பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"மாமா" என்றாள். "அன்னைக்கு நான் உங்களைத் தீ வருமான்னு கேக்கலயே. அம்மாவக் கிளம்பச் சொல்லுங்கன்னுதானே கேட்டேன்."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையிலிருந்த கரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது தாழ்வாரத்தின் கோடியிலிருந்து ஒரு வயதானவர் இருமிக்கொண்டே எங்களிடம் வந்தார். யாரோ என்னைக் காட்டியிருக்க வேண்டும். குனிந்து என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானே அந்த எதிர்த்தீ வச்சவரு? நல்லா இருக்கணும் தம்பி. உங்களாலதான் எங்க வீடெல்லாம் நிக்குது. இந்த ஊரே உங்களை மறக்காது."

அவருக்கு மூச்சு வாங்கியது, நிற்க முடியவில்லை. அக்கா மகள் எழுந்து, தன் இடத்தில் அவரை உட்கார வைத்தாள்.