சுவருக்கு அந்தப் பக்கத்து சண்டை

"சன்னலைத் திறந்து போட்டது நானா?"

"பின்ன யாரு? இந்த வீட்ல உன்னைய விட்டா வேற யாரு இருக்கா, பேயா?"

"முட்டி வலி தாங்காம உக்காந்திருக்கேன். நான் எந்திரிச்சுப் போய் திறந்தேனாக்கும்."

"வாய் மட்டும் உனக்கு வலிக்கவே மாட்டேங்குது."

இது எங்க வீட்டுச் சண்டை இல்லீங்க. என் ரூமுக்கு அடுத்த வீட்ல புருஷன் பொண்டாட்டி போட்டது. அவங்க போட்டது சீன மொழியில, மாண்டரின்ல. நான்தான் தமிழ்ல எழுதியிருக்கேன். இது அவ்வளவும் எனக்கு முழுசா புரிஞ்ச அன்னைக்கு, கட்டில்ல உக்காந்து தனியா சிரிச்சேன். இந்த ஊருக்கு வந்ததுல இருந்து அன்னைக்குத்தான் சிரிச்சேன்னு நினைக்கறேன்.

எனக்கு வயசு நாப்பத்தெட்டு. தையல் மெஷின் இறக்குமதி பண்ற கம்பெனியில வேலை. மெஷின் மக்கர் பண்ணினா, அனுப்பினவங்ககிட்ட அவங்க பாஷையில பேச எங்க ஆபீஸ்ல ஆள் இல்ல. யாராவது அவங்க ஊருக்கே போய் மாண்டரின் படிச்சுட்டு வாங்கன்னு முதலாளி கேட்டார். எல்லாருக்கும் குடும்பம் குட்டின்னு இருக்கு. எனக்குக் கல்யாணம் ஆகல, அண்ணன் வீட்டோட இருக்கேன். எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்புச்சு, நானும் சரின்னுட்டேன். இந்த வயசுல ஸ்கூல் பையை மாட்டிக்கிட்டுப் போறியான்னு அண்ணி கேலி பண்ணிட்டேதான் பெட்டி அடுக்கிக் குடுத்தாங்க.

இங்க வந்து பாத்தா கிளாஸ்ல முக்காவாசி சின்னப் பசங்க. மரியாதையாத்தான் இருக்காங்க. கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னு எனக்கு வழி விடுவாங்க. ஆனா கிளாஸ் முடிஞ்சதும் கும்பலா எங்கயோ போயிடுவாங்க, வர்றீங்களான்னு யாரும் கேக்க மாட்டாங்க. அவங்க அம்மா வயசு எனக்கு, எப்படிக் கேப்பாங்க. கடைக்குப் போனா அங்கயும் பேச ஆள் இல்ல. சாமானை நாமளே மெஷின்ல காட்டணும், காசை நாமளே கட்டணும், வரணும். சனி ஞாயிறுல நான் வாயைத் திறக்கறதே பல்லு தேய்க்கத்தான்.

வீட்டுக்கு போன் போட்டா அண்ணன் எடுத்து சாப்ட்டியாம்பார். சாப்ட்டேன்பேன். அதோட ரெண்டு பேருக்கும் பேச்சு தீந்துடும். அண்ணிகிட்ட குடுப்பார். அண்ணி ஆரம்பிக்கவும் அடுப்புல குக்கர் கத்தவும் சரியா இருக்கும்.

அதனாலதான் அந்த சுவர். அட்டை மாதிரி சுவருங்க அது. சாயங்காலம் அவர் வேலைக்குப் போயிட்டு வந்ததும் ஆரம்பிச்சுடும். செருப்பை எங்க விட்ட, துண்டு ஏன் ஈரமா கிடக்கு, உங்க தங்கச்சி ஏன் என்கிட்ட பேச மாட்டேங்கறா. மாண்டரின்ல ஒரே சத்தத்தை ஏத்தி, இறக்கி, வளைச்சு நாலு விதமா சொல்லணும். புஸ்தகத்துல படிச்சா ஏறவே இல்ல. இவங்க கோவத்துல ஒவ்வொரு வார்த்தையையும் அழுத்திச் சொல்வாங்களா, அப்படியே மனசுல உக்காந்துடுச்சு. அந்தம்மா சொல்றதை நான் மெதுவா இந்தப் பக்கம் சொல்லிப் பாப்பேன். டீயையும் அந்த நேரத்துக்குத்தான் போட்டு வெச்சுக்குவேன். மூணு பேரும் ஒண்ணா உக்காந்திருக்கற மாதிரி இருக்கும்.

போன வாரம் கிளாஸ்ல ஒரு பேச்சுப் பரீட்சை. பக்கத்துல இருக்கறவங்களை ஞாயித்துக்கிழமை கடைக்குக் கூப்பிடணும், அவ்வளவுதான். என் பக்கத்துல இருந்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர், நாங்க ரெண்டு பேருதான் அங்க வயசானவங்க. நான் கூப்பிட்டேன்.

"ஞாயித்துக்கிழமை கடைக்கு வர்றியா, இல்ல அன்னைக்கும் காலை நீட்டிட்டுப் படுத்துக்கப் போறியா?"

கிளாஸே கொல்லுன்னு சிரிச்சுடுச்சு. மருந்துக்கடைக்காரர் பயந்துபோய் வர்றேன் வர்றேன்னுட்டார். டீச்சர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, உச்சரிப்புல நீங்கதான் முதல்னு சொன்னாங்க. அப்புறம் கேட்டாங்க.

"கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் ஆச்சு?"

"ஆகல."

சிரிப்பு சட்டுனு நின்னுடுச்சு. டீச்சர் பாவம், முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. கிளாஸ் முடிஞ்சு என்னைத் தனியா கூப்பிட்டு, வீட்ல யார்கூட பேசிப் பழகறீங்கன்னாங்க. யார்கூடவும் இல்லன்னேன். உங்களுக்கு சண்டைக்குப் பதில் குடுக்க வருது, சாதாரணமா பேச்சை ஆரம்பிக்க வரலன்னாங்க. கடைசிப் பரீட்சைக்கு இந்த ஊர்க்காரங்க யாராவது ஒருத்தரை அவங்கவங்க கூட்டிட்டு வந்து, எல்லார் முன்னாடியும் உக்காந்து பேசணும். அதுல தேறினாத்தான் அடுத்த வகுப்பு, இல்லன்னா ஊருக்குத்தான். கம்பெனி இன்னொரு தடவை அனுப்பாது.

எல்லாருக்கும் ஒரு ஆள் இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஆள் இந்த ஊர்ல ரெண்டே பேரு. ரெண்டு பேருக்கும் என்னைத் தெரியாது.

சரி, போய்த்தான் பாப்போமேன்னு முந்தாநாள் காலையில தலையை வாரிக்கிட்டு, ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கிட்டுப் போய் கதவைத் தட்டினேன். அந்தம்மாதான் திறந்தாங்க. நான் நினைச்சதை விட குட்டையா, நரைச்ச தலையா, சாந்தமா இருந்தாங்க. இந்த அம்மாவா அந்தப் பேச்சு பேசறதுன்னு இருந்துச்சு. பக்கத்து ரூம்ல இருக்கேன்னு சொன்னேன். சிரிச்சாங்க, பையை வாங்கிக்கிட்டாங்க. உள்ள வாங்கன்னு கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாங்க. நமக்குத்தான் யாரையாவது பாத்தா முதல்ல உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டாத்தானே மனசு ஆறும். நானும் கேட்டேன்.

"முட்டி வலி இப்ப பரவால்லையா?"

அந்தம்மா என்னைப் பாத்தாங்க. அப்புறம் எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கற சுவரைப் பாத்தாங்க. கழுத்து வரைக்கும் செவந்துபோச்சு. கோவமில்ல, வெக்கம். தலையை மட்டும் ஆட்டிட்டு கதவை மெதுவா சாத்திக்கிட்டாங்க.

அன்னைக்கு சாயங்காலம் சுவர்ல சத்தமே இல்ல. நேத்தும் இல்ல. குசுகுசுன்னு என்னமோ கேக்குது, அதுவும் நின்னுடுது. அவங்க வீட்ல அவங்களால வாயைத் திறக்க முடியாம நான் பண்ணிட்டேன். இன்னைக்கு அவர் வந்த சத்தம் கேட்டதும் போன்ல பாட்டை சத்தமா வெச்சேன். எனக்கு ஒண்ணும் கேக்கலன்னு நினைச்சு அவங்க தாராளமா சண்டை போட்டுக்கட்டும்னுதான். இதை எழுதும்போதும் பாட்டு ஓடுது. அவங்க பேசறாங்களா இல்லையான்னு எனக்கும் தெரியல.

பரீட்சை அடுத்த வாரம். நான் மறுபடி போய் கதவைத் தட்டலாமா? தட்டினா முதல்ல என்ன சொல்றது, மன்னிப்பு கேக்கறதா, இல்ல ஒண்ணும் நடக்காத மாதிரி பேசறதா? வேற ஊர்ல தனியா இருந்து பழகினவங்க இந்த குரூப்ல நிறைய பேர் இருக்கீங்க. தெரிஞ்சவங்க கீழ பதில் போடுங்க. தமிழ்லயே எழுதுங்க, மாண்டரின்ல நான் மாத்திக்கறேன்.