புனிதாவின் பழைய ப்ராசசர்

ராசிக்கின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை நோட்டில் புனிதா பேரில் நூற்று எழுபத்தைந்து ரிங்கிட் பாக்கி நின்றது. பழைய லேப்டாப்புக்கு வேகமான ப்ராசசர் போடக் கொடுத்திருந்தாள். வாங்க வருமுன் சாலை விபத்தில் போய்விட்டாள். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் கடைக்கு அவள் அப்பா சின்னையா வந்தார்.

"ப்ராசசர்தான் மூளைன்னு சொன்னாங்க. பழசையே திருப்பிப் போட்டுடு தம்பி. பிள்ள பேசினது, சிரிச்சதெல்லாம் அதுலதானே இருக்கும்?"

"இல்ல அங்கிள், அதெல்லாம் ஹார்ட் டிஸ்க்ல பத்திரமா இருக்கு லா."

ராசிக் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினான்.

"கேமராவப் பாருங்கப்பா! ஏன் போலீஸ்ல மாட்டின மாதிரி முழிக்கிறீங்க?" என்று புனிதா சிரித்தாள்.

மங்கியது தன் கண்தான் என்று தெரியாமல் சின்னையா திரையைத் துண்டால் துடைத்தார்.

"காசு வேணாம் அங்கிள்."

"பிள்ள பேர்ல கடன் நிக்கக் கூடாதுப்பா."

ராசிக் பணத்தை வாங்கிக்கொண்டு, நோட்டில் அவள் பேரை மெதுவாகக் கோடு போட்டு அடித்தான்.