இருபத்துமூன்றாவது ஆள்

வாலாக வரவேண்டியவன் எல்லாருக்கும் முன்னால் வந்து, வேனுக்குள் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

அக்கா நடத்திய மலைநடைக் குழுவில் வால் என்பது ஒரு பதவி. வார நாட்களில் அவள் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்ப்பாள். ஞாயிற்றுக்கிழமையானால், யாரும் கேட்காமலே தலையில் போட்டுக்கொண்ட இந்த வேலை. பதினோரு வருஷமாக நடக்கிறது. முன்னால் அவள் நடப்பாள், கடைசியில் வால் வரும். நடுவில் யார் எப்படி வேண்டுமானாலும் நடக்கலாம், ஆனால் வாலுக்குப் பின்னால் ஓர் ஆள்கூட இருக்கக் கூடாது. அந்தப் பதவியை அவள் தன் தம்பிக்குக் கொடுத்தது நம்பிக்கையால் அல்ல.

"நீ எப்படியும் கடைசியாத்தான் வரப்போறே. அதுக்கு ஒரு பேராவது இருக்கட்டும்," என்று காலையில் மஞ்சள் மேல்சட்டையை அவன் மேல் எறிந்தாள். வாலுக்கு அதுதான் அடையாளம். பொத்தான் எட்டவில்லை. "மூச்சை இழுடா. வயித்தை முன்னாடி அனுப்பிட்டு நீ பின்னாடி வர்றே. உன்னை எந்தக் கணக்குல சேக்கறது?"

அன்று மூன்று மலைகள். மூன்றாவதன் உச்சியில் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. மஞ்சள் சட்டையைக் கழற்றி ஒரு பாறையின் மேல் போட்டுவிட்டு, ஷூவுக்குள் புகுந்த கல்லைத் தட்டினான். நிமிர்ந்தபோது குழு வளைவில் மறைந்திருந்தது. அவர்கள் போன பாதை மலையைச் சுற்றிச் சுற்றி ஒரு மணி நேரம் இறங்கும். இவன் காலடியிலோ ஆடுகள் இறங்கிய தடம் ஒன்று நேராகக் கீழே போனது. மரங்களுக்கு நடுவே தார்ச்சாலை தெரிந்தது. நாற்பத்தாறு வயதுவரை எதிலும் முதலாவதாக வந்திராத ஒருவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. பாதித் தூரத்தைக் காலாலும் மீதியை உட்காரும் இடத்தாலும் கடந்தான். சட்டை பாறையிலேயே கிடந்தது.

"மத்தவங்க எங்க சார்?" என்று வேன் டிரைவர் ரேடியோவைக் குறைக்காமல் கேட்டார்.

"வருவாங்க, மெதுவாத்தான் வருவாங்க," என்றான். அக்காவிடம் சொல்வதற்கு ஒரு வசனத்தையும் தயார் செய்து வைத்திருந்தான். 'என்னக்கா, வயசாயிடுச்சா?'

ஒரு மணி நேரம் ஆனது. இரண்டும் ஆனது. யாருக்கோ கால் சுளுக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு இரண்டாவது பாக்கெட்டைப் பிரித்தான்.

மழைக்கோட்டுகளை முடிச்சுப் போட்டுக் கட்டிய தூளியில் அக்காவைக் கொண்டுவந்தார்கள். நான்கு நான்கு பேராகத் தோள் மாற்றித் தூக்கி வந்ததில் எல்லார் முழங்காலிலும் மண். வேனிலிருந்து இறங்கிய அவனைப் பார்த்ததும் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். பேக்கரிக்காரம்மா மட்டும், தன்னை அறியாமல், "இருபத்திமூணு," என்றாள்.

அது அவனுடைய எண். பாதி இறக்கத்தில் இருக்கும் தண்ணீர்த்தொட்டி அருகே எல்லாரும் நின்று, முன்னாலிருந்து வரிசையாக அவரவர் எண்ணைச் சொல்ல வேண்டும் என்பது அக்காவின் சட்டம். அன்று இருபத்திரண்டுக்குப் பிறகு சத்தமில்லை. வாலைக் காணோம் என்றால் பின்னால்தான் தேடுவார்கள். முன்னால் தேட யாருக்குத் தோன்றும்? மலையில் போனும் எடுக்காது. மற்றவர்களை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு, அக்கா மீட்டரைக் கூட்டிக்கொண்டு வந்த வழியே திரும்ப ஏறினாள். மீட்டர் என்பது வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் எண் குறித்துவரும் ஒரு மனிதருக்குக் குழு வைத்த பெயர். உச்சியில், அந்தப் பாறைக்குப் பக்கத்தில், அக்கா சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

"இதயத்துல அடைப்பு. வீட்ல உக்காந்து டிவி பாக்கும்போதுகூட வந்திருக்கலாம்," என்றார் டாக்டர்.

"அக்கா டிவி பாக்க மாட்டா டாக்டர்," என்றான் அவன். டாக்டர் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் மூன்று மணிக்கு எடுப்பதாக இருந்தது. முன்னறையில் சோபாவைச் சுவரோரம் தள்ளி அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அக்காவின் கணவர், அவனுக்கு மாமா, அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடையது எங்கே இருக்கிறது என்று அவருக்குச் சொல்லவேண்டியவள் அவள்தான். அந்தச் சின்னக் கண்ணாடி அவர் காதுகளை எட்டாமல் மூக்கு நுனியில் தொற்றிக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்திருந்தால் அவன் இதை வைத்து ஒரு மாதம் ஓட்டியிருப்பான்.

"மாமா. என்னாலதானே?"

"போடா. டீ குடிச்சியா? காலையிலேருந்து ஒண்ணுமே சாப்பிடல நீ."

"மாமா, நான் கேட்டது..."

"அவளுக்கு நேரம் வந்துச்சு, போயிட்டா. நீ என்னடா பண்ணுவ? போ, போய்க் குடி."

குழுக்காரர்கள் பழக்கதோஷத்தில் வரிசையாக உள்ளே வந்தார்கள், வரிசையாகவே அக்காவைப் பார்த்தார்கள். அக்கா கண்ணைத் திறந்தால் யார் இடம் மாறி நிற்கிறார்கள் என்று முதலில் கண்டுபிடித்திருப்பாள். பேக்கரிக்காரம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிடிச்ச இடத்துல போனாங்க தம்பி. எத்தனை பேருக்கு அமையும் இது? ஒரு கஷ்டமும் படல. மனசைப் போட்டு குழப்பிக்காதீங்க."

"நீங்க அப்ப கீழ தொட்டிகிட்டதானே இருந்தீங்க?"

"ஆமா. ஆனா முகத்தைப் பார்த்தாத் தெரியுதில்ல? எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க."

அந்தக் குரல் அவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று அவன் பேசுகிற குரல்தான் அது. 'ஒண்ணுமில்லம்மா, பயப்படாதீங்க, இதெல்லாம் சாதாரணம்.' மேலே மோட்டாருக்கு என்ன ஆகியிருக்கிறது என்று அப்போது அவனுக்கே தெரிந்திருக்காது. இருபது வருஷமாக எத்தனையோ பேரிடம் அப்படிப் பேசியிருக்கிறான். உள்ளே இருப்பவர்களுக்கு அது எப்படிக் கேட்கும் என்பது இன்றுதான் தெரிந்தது.

மீட்டர் மட்டும் அவன் பக்கம் வரவில்லை. வாசலில் அவன் இருந்தால் அவர் உள்ளே போனார். உள்ளே அவன் போனால் நாற்காலி எண்ண வெளியே வந்தார். இரண்டு மணிக்கு அவரைக் காணவில்லை. தேடிப்போனபோது பின்வாசல் படியில் உட்கார்ந்து டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"விடுங்கண்ணே, அதுக்கு ஆள் இருக்கு."

"இருக்கட்டும். சும்மா நிக்க முடியல."

அவன் கதவில் சாய்ந்து நின்றான். குழாய்த் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"அண்ணே, என்னாலதானே?"

மீட்டர் ஒரு கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்தார். "இதையேதான் எல்லார்கிட்டயும் கேட்டுட்டுத் திரியிறீங்க. நீங்க கேக்க நினைக்கிறது இது இல்ல."

ஏதாவது வேடிக்கையாகச் சொல்லித் தப்பிக்கலாமா என்று தேடினான். வாழ்க்கை முழுவதும் கைகொடுத்த சரக்கு அன்று ஒன்றுகூட வரவில்லை.

"சட்டையைப் பார்த்தாளா?"

"பார்த்தாங்க. நான் மட்டும் போறேன், நீங்க தொட்டிகிட்ட இருங்கன்னு முன்னாடியே சொன்னேன். கேக்கல. அந்த ஏத்தத்தை எனக்கு முன்னாடி ஏறிட்டாங்க. நான் போறப்ப சட்டையைக் கையில வெச்சுட்டு நின்னாங்க."

"அப்புறம்?"

"உதறி, மடிச்சாங்க. பாறை ஓரமாப் போய் எட்டிப் பார்த்தாங்க. அந்தப் பக்கம் நேர் பள்ளம். உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க."

"பேரைச் சொல்லியா?" பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளுக்குப் பிறகு அக்கா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவில்லை. டேய்தான். கோபம் வந்தால் பன்னி. "பேரையா சொன்னா?"

"முழுப் பேரு. நாலஞ்சு தடவை."

உள்ளே யாரோ மாமாவிடம் வண்டி கிளம்பிவிட்டதாகச் சொல்வது கேட்டது. அவன் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"நான் விழுந்துட்டேன்னு நினைச்சாளா?"

"ஆமா."

"சந்தேகமாத்தான் நினைச்சிருப்பா. எங்கயாவது குறுக்கு வழியில போயிருப்பான்னு, அவன் புத்தி அப்படித்தான்னு..."

"அதை நான்தான் சொன்னேன். அவங்க சொல்லல. 'விழுந்துட்டான், நான்தான் அவனைக் கடைசியா விட்டேன்'னாங்க. கீழ இறங்கப் பார்த்தாங்க. நான் கையைப் பிடிச்சு இழுத்தேன். அப்பத்தான் நெஞ்சைப் பிடிச்சாங்க."

அவன் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தான். பாதிதான் வந்தது. "நான் இருக்கேன்னு அவளுக்கு..."

மீட்டர் கையைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார். வீட்டுக்காரர்கள் எவ்வளவு முணுமுணுத்தாலும் பார்த்த எண்ணையே எழுதிவிட்டு வருகிற ஆள். கண்ணை விலக்கவில்லை.

"தெரியாது தம்பி. தெரியாமத்தான் போனாங்க."

பிறகு படியில் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார். அவன் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஈரமான கிளாஸ் ஒன்றை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.