எலினாவின் சோற்று வாளி

எபனேசர் பரிபூரணத்தின் வீட்டில் காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் குண்டைப் போட்டார். கோவில் அசன விருந்துக்கு அவள் மருமகள் எலினா தாராளமாக வரலாம், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம். சோறு மட்டும் பரிமாற வேண்டாம். சபைக் கமிட்டிச் செயலாளர் அல்லவா, பக்குவமாகத்தான் சொன்னார்.

அடுப்படியில் நின்ற எலினாவுக்கு முகம் செத்துப்போயிற்று. வயிற்றில் பிள்ளை தங்கினால் அசனத்தில் தன் கையால் சோறு போடுவதாகப் பொருத்தனை செய்திருந்தாள். இப்போது வயிறு நன்றாகத் தெரிகிறது. ஆனால் அவள் பிறந்தது காலனித் தெருவில். இரண்டு தெருவுக்கும் ஞானஸ்நானம் ஒரே தண்ணீரில்தான் என்றாலும் அதைக் கமிட்டியில் யாரும் பேசுவதில்லை. காதலித்துக் கட்டிய ஜெபக்குமாரோ, மில் சத்தத்தையும் மீறிக் கத்தத் தெரிந்தவன், இங்கே வாயைத் திறக்கவில்லை.

பேசியது பரிபூரணம். பல்லி விழுந்தாலே சங்கீதம் சொல்லுகிற பயந்தாங்கொள்ளி அவள். ஆனால் போன ஞாயிறு போதகர் ஏசாயா தீர்க்கதரிசியை எடுத்துப் பிரசங்கித்திருந்தார்: ஊரே வழிதப்பினாலும் கர்த்தர் தமக்கென்று கொஞ்சப் பேரை மிச்சம் வைப்பார் என்று. கோவிலில் இருந்த அத்தனை பேரும் அந்தக் கொஞ்சப் பேர் தாங்கள்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். எபனேசர் போட்ட ஆமென்னில் மைக்கே கரகரத்தது.

"அண்ணாச்சி, எலினாதான் சோறு போடுவா."

"பந்தியே எந்திரிச்சிரும் மதினி. பொறவு நீங்க நாலு பேருதான் உக்காந்திருக்கணும்."

"கொஞ்சப் பேருதான்னு ஏசாயாவே சொல்லிட்டாருல்லா. நீங்ககூட ஆமென் போட்டியளே."

ஏசாயா இப்படி வீடுவரைக்கும் வருவார் என்று எபனேசர் எதிர்பார்க்கவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அசனத்தன்று எலினா வாளியோடு வந்ததும் பந்தி மரியாதையாகக் கலைந்தது. ஒருவருக்கு போன் வந்தது, ஒருவருக்கு மூட்டு வலித்தது. போதகருக்கும் அப்போதுதான் ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்தது. கறிக்குழம்பு வாசனை விடாததால் எல்லாரும் பந்தல் ஓரத்திலேயே நின்றார்கள். உட்கார்ந்திருந்தது பரிபூரணமும், வருஷா வருஷம் கறிக்காகவே வரும் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கர் சூசையும்தான்.

பரிபூரணம் ஆளில்லாத இலைகளைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் என்றால் இவ்வளவு கொஞ்சமா ஆண்டவரே என்று மனசுக்குள் சண்டை போட்டாள். எலினாவின் முதல் கரண்டி இலைக்கு வெளியே விழுந்தது. அவள் பின்னால் யாரோ வந்து நின்றார்கள். குழம்பு வாளியோடு ஜெபக்குமார்.

"ஏலே, எனக்கு எலும்பாப் பாத்துப் போடு" என்றார் சூசை.

அப்போது சேலையைச் சரிசெய்துகொண்டு வந்து பரிபூரணத்தின் பக்கத்தில் சம்மணம் போட்டவள் ஞானரத்தினம். எபனேசரின் மனைவி.

"இங்கிட்டும் போடும்மா எலினா. அவிய பொறவு சாப்பிடுவாவ."

அதற்குமேல் மூட்டுவலிக்காரர்கள் பொறுக்கவில்லை. ஒவ்வொருவராக இலைக்கு வந்தார்கள். போதகரும் வந்தார். எலினா அவருக்கு ஒரு கரண்டி கூடுதலாகவே போட்டாள்.

எபனேசர் மட்டும் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டு வெளியேறினார். தென்காசி ரோட்டுப் பரோட்டாக் கடையில் சால்னாவை இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாவு பிசைந்தவர் எந்தத் தெரு என்று அவர் கேட்கவே இல்லை.